நெட்டுக்கு நின்ற கைப்பிடி

“அந்தக் கைப்பிடி எங்க இருந்துச்சு மக்ளே?”

“எந்தக் கைப்பிடிக்கா?”

“அவன் ஓடிப்போய் காருக்குள்ள ஏறும்போது பிடிச்சு இழுத்தான்னு சொன்னியே, அது.”

“கதவுலதான் இருந்திருக்கும். பின்ன டயர்லயா இருக்கும்?” என்றான் ஆன்ஸ்லின்.

கேள்வி கேட்ட ராஜபாய் தன் உதவியாளன் பக்கம் திரும்பவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவள். வேலையை விட்டுவிட்டு வடசேரியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் போர்டு மாட்டி நாலு வருஷம் ஆகிறது. யாராவது பொய் சொன்னால் கோபப்பட மாட்டாள். யாராவது குறுக்கே பேசினால்தான் அவள் மூக்கு லேசாக விடைக்கும். இப்போது விடைத்தது.

“ஆன்ஸ்லின், போன எடு. வீடியோ பிடி. வாயத் திறந்தா நடந்துதான் நாகர்கோவில் போவ.”

ஆன்ஸ்லின் போனை எடுத்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று. போனைப் பிடிப்பதே ஒரு வேலையாக இருந்தது. தலைக்கு மேல் மின்சாரம் எடுக்கிற காற்றாடியின் மூன்று இறக்கைகளும் ஊஷ் ஊஷ் என்று வெட்டிக்கொண்டிருந்தன. அடியில் நீல ஹெல்மெட்டும் இடுப்பில் பெல்டுமாக நின்ற பிரீனா, அந்தக் காற்றாடியைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். முந்தாநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் இதே இடத்தில்தான் நின்றிருந்தாள். முப்பதடி தூரத்தில் ரோடு.

அந்த ரோட்டில்தான், கோட்டாறு கருவாட்டு வியாபாரி ஹசன் மொபெட்டில் போகும்போது பின்னாலிருந்து ஒரு சின்ன சிவப்புக் கார் இடித்தது. பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டியவன் இறங்கினான், பார்த்தான், திரும்ப ஓடிப்போய் ஏறினான், போய்விட்டான். முகத்தில் துண்டு கட்டியிருந்தான். ஹசன் இப்போது ஆஸ்பத்திரியில்.

அந்த மாதிரி கார் இந்த ஜில்லாவிலேயே ஒன்றுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நாகர்கோவில் ஜெயசிங் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற எம்.ஜி.ஏ. என்கிற பழைய இங்கிலீஷ் கார். அதைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் ஜெபிஷ், அன்றைக்கு ‘டெஸ்ட் ஓட்டுகிறேன்’ என்று அதை எடுத்துக்கொண்டு இதே ரோட்டில் தனியாகப் போயிருந்தான். போதாதா? போலீஸ் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. இன்று ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால். திங்கட்கிழமை காலை திருவனந்தபுரத்திலிருந்து ஜெபிஷுக்கு தோஹா ஃப்ளைட். பழைய கார்களைப் புதுப்பிக்கிற ஒர்க்ஷாப்பில் வேலை, விசா அடித்து வந்தாயிற்று. கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு.

மணி மூணரை.

“இந்த ஸ்கூட்டர்தான் அந்தக் கார்னு வச்சுக்கோ” என்றாள் ராஜபாய், தன் ஸ்கூட்டரைப் பிரீனாவின் பக்கத்தில் தள்ளி நிறுத்தி. “இப்பம் நீதான் அவன். ஓடி வா. ஏறு.”

பிரீனா சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கி, நாலடி ஓடிவந்து கையை நீட்டினாள். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் உயரத்தில் விரல்கள் மடங்கின. கட்டைவிரல் மேலே. பஸ் வாசலில் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிப்பார்களே, அப்படி.

“இங்ஙனதான்க்கா. இழுத்தான், வரல்ல. பின்னயும் இழுத்தான்.”

“ஒருக்கா கூட.”

பிரீனா மறுபடியும் ஓடிவந்தாள். கை அதே இடத்துக்குத்தான் போனது.

“போலீஸ்ல இதச் சொன்னியா?”

“அவிய கேக்கலியே! கலர் என்ன, கூரை உண்டுமான்னு கேட்டாவ. சிவப்பு, கூரை உண்டுன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

ஆன்ஸ்லினுக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. நடந்து போனாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்துவிட்டான்.

“அக்கா! கேஸ் முடிஞ்சு!”

“பொறு லே.” ராஜபாய் பிரீனாவையே பார்த்தாள். “வேற ஏதாவது? சிரிப்பு வந்தது, எரிச்சல் வந்தது, எதுவானாலும்.”

பிரீனா யோசித்தாள். “எரிச்சல்தான் வந்துது. கார் நாகர்கோவில் பக்கம் இருந்து வந்துல்லா, காத்துக்கு முதுகக் காட்டி அப்பிடியே நிறுத்திட்டு கதவத் திறக்கான். காத்து கதவப் பிடிச்சு முன்னால ஒரு அடி! பிஞ்சு போச்சுன்னே நெனச்சேன். ரெண்டு கையாலயும் தள்ளித்தான் அடைச்சான். இங்க உள்ளவன் எவனாவது அப்பிடிச் செய்வானா? சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும், வண்டிய காத்துக்கு நேரா திருப்பிட்டுதான் கதவத் திறக்கணும்னு.”

“ஆடி மாசம் இந்தப் பக்கம் வந்தே இராதவன்” என்றாள் ராஜபாய்.

“இல்லேன்னா வந்து பல வருஷம் ஆனவன்.” பிரீனா தோளைக் குலுக்கிவிட்டு ஏணிப் பக்கம் போனாள்.

ஸ்கூட்டர் கிளம்பியது. எதிர்க்காற்று. ஆன்ஸ்லின் ஓட்ட, ராஜபாய் பின்னால் உட்கார்ந்து கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அந்தப் பைக்குள்தான் இன்று காலை ஜெபிஷின் தங்கை ஷைஜா கொடுத்த சீட்டு இருந்தது. ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோன டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்துத் திரும்பி வந்த சீட்டு. ஒரே ஒரு வரி. ‘கைப்பிடி எந்த இடத்தில் இருந்தது என்று அந்தச் சாட்சியிடம் கேட்கச் சொல்.’

“சொல்லு, எப்பிடி கேஸ் முடிஞ்சு?”

“அக்கா, கேளுங்க.” ஆன்ஸ்லின் காற்றுக்கு மேல் கத்தினான். “ஒரே கார், உடம்பு வேற வேற. ரோட்ஸ்டர்னு ஒண்ணு உண்டு. மழைன்னு ஒரு சாதனம் உலகத்துல கிடையவே கிடையாதுன்னு நம்பிச் செஞ்ச வண்டி. கூரை கிடையாது, ஏத்தி இறக்குற கண்ணாடி கிடையாது. மழை வந்தா ஒரு துணிய இழுத்துக் கட்டிக்கிடணும், ரெண்டு பக்கமும் தனியா ஒரு பிளாஸ்டிக் தட்டியச் சொருகணும். இழவு, நம்ம கோழிக்கூட்டுக்கு இதவிட நல்ல வசதி.”

“ம்.”

“அடுத்தது டிராப்ஹெட். அதுவும் துணிதான், ஆனா உள்ளுக்கு மெத்தை வச்சுத் தைச்ச துணி. கண்ணாடியும் ஏத்தி இறக்கலாம். நல்ல குடை வச்சிருக்க மாப்பிள்ளை மாதிரி. மூணாவது கூபே. கூரை உடம்போட ஒட்டிப் பிறந்தது. கழட்டவே முடியாது. அது வீடு.”

“ஜெயசிங் வண்டி?”

“ரோட்ஸ்டர். இந்த மாடல்ல ரோட்ஸ்டரும் கூபேயும் மட்டுந்தான் செஞ்சான். ரோட்ஸ்டருக்கு தனியா ஒரு கெட்டிக் கூரை வாங்கிக்கலாம். ஹார்ட்டாப். கல்யாணப் பந்தல் மாதிரியாக்கும், தேவைன்னா மாட்டு, முடிஞ்சா கழட்டு. போலீஸ் சொல்றது அதான். ஜெபிஷ் ஹார்ட்டாப்ப மாட்டிட்டுப் போய் இடிச்சான், வந்து கழட்டி வச்சுட்டு, சொட்டையையும் தட்டி எடுத்துட்டு, ‘நான் கூரையில்லாமதான் போனேன்’னு கதை விடுகான்.”

“சரி. கைப்பிடி?”

“அங்கதான்க்கா! ரோட்ஸ்டர் கதவுல வெளியில கைப்பிடியே கிடையாது! உள்ள கைய விட்டு ஒரு கயித்த இழுக்கணும். கூபேக்குத்தான் வெளியில கைப்பிடி உண்டு. பிரீனா பாத்தது கைப்பிடி உள்ள கார். அப்பம் அது கூபே. ஜெயசிங் காரே கிடையாது! ஜெபிஷ் மூளைக்காரன், அதான் அந்தக் கேள்வியக் கேக்கச் சொல்லியிருக்கான்.”

ராஜபாய் பின்னாலிருந்து அவன் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

“ஜெயசிங் காரை நீ கண்ணால பாத்திருக்கியா மக்கா?”

“புத்தகத்துல பாத்திருக்கேன். நூறு தடவ.”

“ம்” என்றாள் ராஜபாய். அந்த ‘ம்’ ஆன்ஸ்லினுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் ஷைஜா நின்றிருந்தாள். கையில் மறுபடியும் ஒரு டிபன் பாக்ஸ். இவர்களைக் கண்டதும் ஓடிவந்தாள். மணி நாலே முக்கால்.

இன்ஸ்பெக்டர் குமாரதாஸ் கெட்டவர் இல்லை. ஆனால் அவசரக்காரர். ஆன்ஸ்லின் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். ரோட்ஸ்டர், கூபே, கயிறு, கைப்பிடி. கேட்டு முடித்ததும் நேரே கொல்லைப்புறம் நடந்தார். இவர்கள் பின்னால் போனார்கள்.

சிவப்பு எம்.ஜி.ஏ. சுவரோரமாக நின்றது. செக்போஸ்ட் கேமராவில் நம்பர்கூடத் தெரியாமல் மங்கலாக விழுந்த படத்தோடு ஒப்பிட்டு போட்டோ எடுப்பதற்காக ஹார்ட்டாப்பை மாட்டி, பக்கத் தட்டிகளையும் சொருகி வைத்திருந்தார்கள். ஆன்ஸ்லின் முதல் தடவையாக அந்த மாடலை நேரில் பார்க்கிறான். நியாயமாகப் பார்த்தால் அவன் கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும்.

வந்தது. ஆனால் காரணம் வேறு.

கதவில் கைப்பிடி இருந்தது.

பளபளவென்று, படுக்கை வாட்டத்தில், கதவுத் தகட்டின் நடுவில். ஆன்ஸ்லினுக்கு அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அம்பாசடர் காரின் கைப்பிடி.

“இது... இது இருக்கக் கூடாதே” என்றான்.

“இருக்கே தம்பி.” இன்ஸ்பெக்டர் கைகளைக் கட்டிக்கொண்டார். “ஜெயசிங்கே சொன்னாரு. சர்ச்சுல இருந்து பொண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி வருவாவ. மாப்பிள்ளை கதவத் திறந்து விடுகது மாதிரி ஒரு போட்டோ, அது இல்லாம இப்பம் ஆல்பமே கிடையாது. இந்தக் கார்ல வெளிய கைப்பிடி இல்ல. மாப்பிள்ளை குனிஞ்சு உள்ள கைய விட்டு கயித்தத் தேடுவாரு. எல்லா ஆல்பத்துலயும் மாப்பிள்ளைக்க முதுகும் பின்பொறமும்தான் விழுந்துருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாவ. அதான் போன வருஷம் அம்பாசடர் கைப்பிடிய வாங்கி மாட்டியிருக்காவ. மாட்டினது யாருன்னு நெனைக்கிய?”

இன்ஸ்பெக்டர் அந்தக் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார்.

“ஜெபிஷேதான்.” இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “இதுக்கு முன்னால எங்கிட்ட கூரை மட்டுந்தான் இருந்துது. இப்பம் நீங்களே கைப்பிடியையும் கொண்டு தந்துட்டிய. சாட்சி பாத்தது கைப்பிடி வச்ச சிவப்புக் கார். இதா நிக்கி. நன்றி மேடம்.”

ஷைஜா கொல்லைப்புற வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். டிபன் பாக்ஸைச் சுவர்மேல் டங்கென்று வைத்தாள். ஆன்ஸ்லினுக்கு அந்தச் சத்தம் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் ஒரு மனுஷனுக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டதே! நூறு தடவை புத்தகம் பார்த்தவன், ஒரே ஒரு தடவை காரைப் பார்க்கவில்லை.

“அக்கா, நான்...”

“ஸ்கூட்டர உள்ள கொண்டு வா” என்றாள் ராஜபாய்.

“ஏதுக்கு?”

“கொண்டு வா லே.”

ஸ்கூட்டர் வந்தது. காரின் கதவுக்கு ஒரு முழம் தள்ளி, காருக்கு இணையாக நிறுத்தச் சொன்னாள். பிறகு ஆன்ஸ்லினின் போனை வாங்கி, வீடியோவை ஓடவிட்டு இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள்.

“இது அரைமணி நேரத்துக்கு முன்னால எடுத்ததா மேடம்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஒண்ணேகால் மணி நேரம். நேரம் அதுலயே இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இந்தக் காருக்க கைப்பிடிக் கதை ஒண்ணும் தெரியாது. எங்களுக்கே தெரியாது. இவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா.”

“உள்ளதுதான்” என்றார் இன்ஸ்பெக்டர், ஆன்ஸ்லினின் மூஞ்சியைப் பார்த்து.

“அவ கை எங்க போகுதுன்னு பாருங்க. ஸ்கூட்டருக்க ஹேண்டில்பார் உயரம். ரெண்டு தடவையும். இப்பம் இந்தக் கைப்பிடியப் பாருங்க. ஸ்கூட்டர் சீட்டுக்கும் கீழ இருக்கு. இதப் பிடிக்கணும்னா குனியணும். இது படுத்துக் கிடக்கு, பிடிச்சா கட்டைவிரல் பக்கவாட்டுல போகும். அவ கட்டைவிரல் மேல நிக்கி. அவ பிடிச்சது நெட்டுக்கு நிக்கிற கைப்பிடி.”

இன்ஸ்பெக்டர் வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டார். ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரைப் பார்த்தார். அப்படியே கையைக் காரின் பக்கம் நேராகக் கொண்டுபோனார். அந்த உயரத்தில் கதவே இல்லை. சொருகி வைத்த பிளாஸ்டிக் தட்டிதான் இருந்தது. பிடித்துப் பார்த்தார். கை வழுக்கியது. கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் தட்டி லேசாக ஆடியது.

“இந்த இடத்துல கைப்பிடி வைக்கணும்னா கதவோட சேர்ந்த கெட்டி ஜன்னல் சட்டம் வேணும்” என்றாள் ராஜபாய். “ஆன்ஸ்லின், கூபேக்கு கைப்பிடி எங்க?”

ஆன்ஸ்லின் கண்ணை மூடினான். புத்தகத்தின் எழுபத்தி ஏதோ ஒரு பக்கம். சிவப்பு கூபே. உயரமான கதவு, ஏற்றி இறக்குகிற கண்ணாடி, அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் பின் ஓரத்தில்...

“ஜன்னலுக்குப் பின்னால!” கத்தியே விட்டான். “ஜன்னல் ஓரத்தோட ஓரமா, மெலிசா, நெட்டுக்கு! தெரியாதவன் பாத்தா அலங்காரக் கம்பின்னு நெனைப்பான்! அக்கா, பிரீனா அந்தக் காரை வாழ்க்கையில பாத்தது அரை நிமிஷம். ஆனா அவ கைக்குத் தெரிஞ்சிருக்கு!”

“இந்த ஹார்ட்டாப்ப மாட்டினாலும் மாட்டாட்டாலும் இந்தக் காருக்கு அந்த இடத்துல கைப்பிடி வராது. கூரைய மாத்தலாம் சார். கதவை மாத்த முடியாது.”

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து பிரீனாவுக்கு வீடியோ கால் போட்டார். இரண்டு கார் படங்களையும் ஆன்ஸ்லின் தேடி எடுத்துக் காட்டினான். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. “இது இல்ல... ஆ, இதுதான் சார், அந்தக் கம்பிதான்!” என்ற குரல் ஸ்டேஷன் கொல்லை முழுக்கக் கேட்டது.

மணி அஞ்சே முக்கால். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு ரிமாண்ட் இல்ல. எழுதி வாங்கிட்டு விடுகேன்.”

ஷைஜா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆன்ஸ்லின் எம்.ஜி.ஏ.வைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடினான். நல்லவேளை, ஆட்டம் போடவில்லை.

ஜெபிஷைக் கூட்டி வந்தார்கள். முப்பது வயது, நகக்கண்ணில் கிரீஸ், இரண்டு நாள் தாடி. விஷயத்தைச் சொன்னதும் அவன் தங்கையைப் பார்த்தான், கும்பிட்டான். சிரிக்க மட்டும் இல்லை. ராஜபாய் அதைக் கவனித்தபடியே கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள்.

“இது நீ எழுதினதுதானா மக்கா?”

“ஆமாக்கா.”

“ஜெயசிங் காருல கைப்பிடி மாட்டினது நீ. பிரீனா கைப்பிடின்னு சொன்னா உனக்குத்தான் ஆபத்துன்னு உனக்குத் தெரியும். ஆனாலும் கேக்கச் சொன்ன. ஏன்னா, கதவுல வேற ஒரு இடத்துல கைப்பிடி வச்ச காரு ஒண்ணு இந்த ஊர்ல ஓடிட்டு இருக்குன்னு உனக்கு முன்னமே தெரியும்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார்.

ஜெபிஷ் தரையைப் பார்த்தான். “எனக்குத் தெரியாதுக்கா.”

“சரி. நீ போகலாம். திங்கட்கிழமை ஃப்ளைட்டும் பிடிக்கலாம். உன்ன யாரும் ஒண்ணும் செய்ய முடியாது.” ராஜபாய் சீட்டை அவன் கையிலேயே வைத்தாள். “இன்னைக்கு காலைல ஹசன் கண்ணு முழிச்சாரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுதான் வந்தேன். வலிக்குதான்னு டாக்டர் கேட்டா, அவரு திருப்பி ஒண்ணு கேட்டாரு. ‘அடிச்சவன் நின்னானா?’ன்னு. நான் பதில் சொல்லாம வந்துட்டேன். நீ சொல்லு. என்னன்னு போய்ச் சொல்லட்டும்?”

ஷைஜா எழுந்து நின்றாள். “அண்ணா.”

ஜெபிஷ் நெடுநேரம் அந்தச் சீட்டை மடித்தான், பிரித்தான், மடித்தான்.

“ஜாஸ்பர் அண்ணன்” என்றான் கடைசியில். “கீரிப்பாறைக்குப் போற வழியில ரப்பர் ஷீட் காயப்போடுற பழைய ஷெட்டு ஒண்ணு உண்டு. அதுலதான் நிக்கி. துருப்பிடிச்ச வெறுங்கூடா கொண்டுவந்தாரு. ஒரு வருஷமா நான்தான் உருவாக்கினேன். அந்தக் கைப்பிடிய மட்டும் மூணு மாசம் அலைஞ்சு தேடினேன். இருபது வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு லீவுக்கு வந்தவரு. ஆடிக்காத்த மறந்துட்டாரு.”

“அவரு யாரு உனக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெபிஷ் இப்போதுதான் சிரித்தான். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

“தோஹா ஒர்க்ஷாப்பு அவருக்கதுதான் சார். எனக்கு விசா எடுத்ததும் அவருதான்.” தங்கையின் பக்கம் திரும்பினான். “டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு ஷைஜா.”

ஜீப் கிளம்பி கீரிப்பாறைப் பக்கம் பறந்தது. ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் ஆன்ஸ்லின் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான். ராஜபாய் பின்னால் ஏறி உட்கார்ந்து காத்திருந்தாள்.

“அக்கா, அவன் மொதல்லயே பேரை எழுதியிருந்தா நாம இவ்வளவு அலைஞ்சிருக்க வேண்டாம். ஹசன் காக்காவுக்கும் காலைலயே பதில் கிடைச்சிருக்கும்லா?”

“ஆமா.”

“ஆனா ஒண்ணுமே எழுதாம இருந்திருந்தா, பிரீனா கை எங்க போச்சுன்னு நாமளும் பாத்திருக்க மாட்டோம்லா?”

“ஆமா.”

“அப்பம் அவன் நல்லவனா, பயந்தாங்கொள்ளியா? ஒண்ணு சொல்லுங்க!”

ராஜபாய் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள், அவ்வளவுதான். ஸ்கூட்டர் காற்றுக்கு நேராகத் திரும்பியது. அவள் சொல்லப் போவதில்லை. நீங்களாவது சொல்லுங்களேன்: அந்த டிபன் பாக்ஸும் ஒரு துண்டுக் காகிதமும் உங்கள் கையில் இருந்து, திங்கட்கிழமை ஃப்ளைட்டும் உங்களுடையதாக இருந்திருந்தால், நீங்கள் அந்தச் சீட்டில் கேள்வியை எழுதியிருப்பீர்களா, பேரை எழுதியிருப்பீர்களா?